ஐந்து கார்டும் ஒரு கையெழுத்தும்

லண்டனில் கோலியர்ஸ் வுட் பக்கத்துத் தமிழ்ச் சனத்தில் பாதிப் பேருடைய வங்கிக் கார்டு ஏதாவது ஒரு நாள் சிவமலரின் கைப்பையில் கிடந்திருக்கும். மூக்கில் விரலை வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். அவள் யாரிடமும் கேட்டு வாங்கியதில்லை. அவர்களாகவே வந்து நின்று, "மலரக்கா, உங்களுக்குத்தான் சாமான் பார்த்து எடுக்கத் தெரியும்" என்று கையில் திணித்துவிட்டு ஷிப்டுக்கு ஓடிய கார்டுகள் அவை.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. காலை எட்டு மணிக்குப் போனால் இரண்டரைக்கு வீடு. கணவன் இறந்து எட்டு வருடம். ஒரே மகன் சிவதர்ஷனுக்குக் கணினி வேலை. இரண்டரைக்குப் பிறகு அவளுக்கு ஊர் வேலை தொடங்கும். யாருக்குப் பிள்ளைப்பேறு, யாருக்கு முழங்கால் ஆபரேஷன், யாருக்கு இரட்டை ஷிப்ட் என்று பார்த்து அவர்களுக்காகக் கடைக்குப் போகிற ஆள் அவள்தான். கடைக்காரன் விலையைக் குறைக்கும்வரை அவ்விடத்தை விட்டு அசையமாட்டாள். வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒத்துக்கொள்வாள்.

நூறு பவுண்டுக்கு மேலே போனால் கார்டைத் தட்டினால் மட்டும் போதாது, இரகசிய எண்ணையும் அழுத்த வேண்டும். ஆகவே கார்டோடு எண்ணும் அவளிடம் வந்து சேரும். எண்ணை ஒருவருக்கும் சொல்லாதீர்கள் என்று வங்கிக்காரன் கடிதத்துக்கு மேல் கடிதம் போடுகிறான். நம்முடைய சனம் அதை வாசித்துவிட்டு மடித்து வைத்துவிட்டு, "மலரக்கா என்ன வெளியாளே?" என்று கேட்கும். இப்படியே பதினெட்டு வருடம் ஓடியது. ஒரு பென்ஸ் காசு பிழைத்ததில்லை.

போன ஐப்பசியில் கனகலிங்கத்தாரின் தமக்கை காலமானார். கனகலிங்கம் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. அறுபத்தெட்டு வயது, விம்பிள்டனில் சொந்த வீடு, இரண்டு கடை, கோயில் சபையில் பொருளாளர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்கு, இறந்தவர் நினைவாக அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தோடு ஆளுக்கொரு எவர்சில்வர் கிண்ணமும் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நூற்றி அறுபது கிண்ணம். வேறு யாரைக் கேட்பார்? ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த சிவமலரைத் தன் காருக்குக் கூப்பிட்டார்.

"பிள்ளை மலர், நல்ல கனமான கிண்ணமாப் பார். தகரம் மாதிரி ஒண்டைக் குடுத்தால் அக்கா மேலையிருந்து ஏசுவா."

"அதை நான் பாக்கிறன் அண்ணை. நீங்கள் யோசியாதேங்கோ."

கார்டை நீட்டினார். எண்ணையும் சொன்னார். பதினான்கு, பூச்சியம் ஏழு.

"என்ன அண்ணை, மகளின்ர பிறந்த நாளே?" என்று சிவமலர் சிரித்துக்கொண்டு கேட்டாள். கேட்டிருக்கக் கூடாதுதான். அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எண்பத்தைஞ்சாம் ஆண்டு ஜூலை பதினாலு. அக்கா தன்ர தாலிக்கொடியை வித்து, என்னை லண்டனுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டின நாள். அத்தானுக்குக்கூடத் தெரியாமல் செய்தவ. நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை, என்ர மனுசிக்கும் தெரியாது." சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனிதர் விம்மி விம்மி அழுதார். சிவமலர் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு, அவர் அழுது முடியும்வரை இருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறி அப்டன் பார்க்கில் இருக்கும் பாத்திரக் கடைக்குப் போனாள். போகிற போக்கில் முடிக்க வேறு நான்கு பேரின் வேலையும் இருந்தது. கிரிஜாவுக்கு இட்டலிச் சட்டி, பிள்ளை பெற்றிருந்த அஜந்தாவுக்குக் குக்கர், றொஷானின் புது வீட்டுக்குக் குத்துவிளக்கு, அவள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் பெரியவருக்கு நல்லதாக ஒரு மிக்ஸி. பையில் மொத்தம் ஐந்து கார்டு.

முதலில் கிண்ணம். எழுநூற்று முப்பத்தாறு பவுண்டு. எண்ணை அழுத்தினாள், காசு போனது. பிறகு மற்றச் சாமான்களை ஒன்றொன்றாக எடுத்து வைத்து, அவரவர் கார்டில் அவரவர் பில் போடச் சொன்னாள். கணக்குக் குழம்பக் கூடாது என்பது அவள் ஒழுங்கு. அந்த ஒழுங்குதான் வினையாக வந்தது. ஒரு பெண், ஐந்து கார்டு, ஐந்து பெயர். ஒரு பெயராவது இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. போன மாதம்தான் யாரோ திருட்டுக் கார்டு கொண்டுவந்து அந்தக் கடைக்காரனை ஏமாற்றியிருந்தார்கள். "கொஞ்சம் இருங்கோ" என்று ஒரு கதிரையைப் போட்டான். அவளும் உபசாரம் என்று நினைத்து உட்கார்ந்தாள். பத்து நிமிடத்தில் பொலிஸ் வந்தது.

வந்த பெண் பொலிஸ் நல்ல மாதிரித்தான் பேசினாள். கார்டுக்காரர்களுக்குப் போன் எடுத்தாள். கிரிஜா, அஜந்தா, றொஷான், மேல்மாடிப் பெரியவர் நான்கு பேரும் பதறியடித்து, தாங்கள்தான் கொடுத்தோம் என்றார்கள். ஐந்தாவதாகக் கனகலிங்கம். போனை வைத்துவிட்டு அந்தப் பெண் சிவமலரை வேறு விதமாகப் பார்த்தாள். தன் கார்டு தொலைந்ததே தனக்குத் தெரியாது, எண்ணை ஒருவருக்கும் சொன்னதில்லை, வங்கிக்கும் அப்படியே அறிவித்தாயிற்று என்று அவர் சொன்னாராம்.

"அவருக்கு நீங்கள் கேட்டது விளங்கியிருக்காது, திருப்பி எடுங்கோ" என்றாள் சிவமலர். திருப்பி எடுத்தார்கள். அதே பதில். ஒரு பொலிஸ்காரன் அவள் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனான். சனிக்கிழமைப் பின்நேரம், கிரீன் ஸ்ட்ரீட் கடைத்தெரு நிறையச் சனம். சேலைக் கடை வாசலில் நின்ற தெரிந்த முகங்கள் இரண்டு சட்டென்று வேறு பக்கம் திரும்பின. அந்த இரண்டு முகத்தையும் அவள் இன்றைக்கும் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை.

பொலிஸ் நிலையத்தில் இலவசமாக ஒரு வழக்கறிஞரைக் கொடுத்தார்கள். வந்தவள் லக்ஷ்மிப்ரியா, மதுரைப் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, உள்ள என்ன கேட்டாலும் 'பதில் சொல்ல விரும்பலை'ன்னு மட்டும் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"கள்ளர்தான் பிள்ளை வாயைப் பொத்துவினம். நான் ஏன் பொத்தவேணும்?"

"உண்மையைச் சொல்றவங்கதான் அதிகமா மாட்டிக்கறாங்க. நான் தினமும் பாக்கறேன்."

கேட்டாளா? இல்லை. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டதற்கும், "இருபத்தைஞ்சு வருசம் இந்த நாட்டில வேலை செய்திருக்கிறன், எனக்கு ஒருத்தரும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். துப்பறியும் அதிகாரி நரைத்த தலைக்காரர், அவசரமில்லாத மனிதர். எதிலும் எழுதி வைக்காமல் ஐந்து பேருடைய எண்ணை எப்படி நினைவு வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

இதென்ன பெரிய வேலை என்று சிவமலருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எண்களைச் சொல்லவில்லை, கதையைச் சொன்னாள். கிரிஜாவுடையது மூத்த மகன் பிறந்த நாள். அஜந்தாவுடையது தாலி கட்டிய நாள். றொஷான் கிரிக்கெட் விசரன், இலங்கை உலகக் கிண்ணம் வென்ற வருடம்தான் அவன் எண். மேல்மாடிப் பெரியவர் இலங்கையில் பஸ் கண்டக்டராக இருந்தவர், தான் ஓடிய பஸ்ஸின் இலக்கத்தையே வைத்திருக்கிறார். "எங்கட சனத்தைத் தெரிஞ்சால் போதும். அவையள் வாய் திறக்க முன்னமே நம்பரை நான் சொல்லிப்போடுவன்" என்று பெருமையாக முடித்தாள். லக்ஷ்மிப்ரியா மேசைக்குக் கீழே அவள் காலைத் தட்டியபோது காரியம் மிஞ்சிவிட்டது.

"அப்படியானால் கனகலிங்கத்தின் எண்ணையும் அவர் சொல்லாமலே கண்டுபிடித்தாயா?" என்றார் அதிகாரி.

"இல்லை, அவர் சொன்னவர்."

"அந்த எண்ணுக்கு என்ன கதை?"

சிவமலர் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். ஒரு மனிதர் செத்த தமக்கையை நினைத்து அழுதுகொண்டு சொன்னது. அதை முன்பின் தெரியாத வெள்ளைக்காரனின் ஒலிப்பதிவு யந்திரத்துக்குள் கொண்டுபோய்ப் போடுவதா? இன்றைக்குள் அவரே வந்து, பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிடுவார் என்றும் நம்பினாள். "அது அவரின்ர சொந்த விசயம்" என்றாள். அந்தப் பதிலையும் எழுதிக்கொண்டார்கள்.

விசாரணை முடியும்வரை வீட்டுக்குப் போகலாம் என்று விட்டார்கள். வெளியே வந்ததும் லக்ஷ்மிப்ரியா விளக்கினாள்.

"கார்டையும் நம்பரையும் ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட குடுக்கறது குத்தமில்ல. பேங்க் விதிக்கு ஆகாது, அவ்வளவுதான். ஆனா சொந்தக்காரர் சம்மதிக்காம, ஏமாத்தற எண்ணத்தோட அத உபயோகிச்சா அது மோசடி. இங்க இருக்கற மோசடிச் சட்டத்துல அதுக்கு உச்ச தண்டனை பத்து வருஷம். மோசடி பண்றதுக்குன்னு அடுத்தவங்க கார்டை வச்சிருந்தாலே அஞ்சு வருஷம் வரைக்கும் போகும்."

"பத்து வருசமோ! கிண்ணத்துக்கோ?"

"அது உச்சம். இவ்வளவு சின்னத் தொகைக்கு, முதல் தடவைக்கு, ஜெயிலெல்லாம் வராது. ஆனா மோசடின்னு ஒரு பதிவு விழுந்தா போதும், உங்க வேலை போயிடும்."

அதுதான் விஷயம். பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பொலிஸ் பதிவைப் பார்ப்பார்கள். திங்கட்கிழமை காலையில் சிவமலர் யாரும் போய்ச் சொல்லுமுன் தானே தலைமை ஆசிரியையிடம் போய் நின்றாள். "என்னைப் பிடிச்சவை. நான் செய்யேல்லை. வேற வாயால உங்களுக்கு வரக்கூடாது எண்டு சொல்லுறன்" என்று ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னாள். அந்த அம்மாவும் நேராகவே பதில் சொன்னார்: முடிவு தெரியும்வரை வேலை செய்யலாம், குற்றம் என்று பதிவானால் வைத்திருக்க முடியாது.

கனகலிங்கம் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. அந்தியேட்டி நடந்தது. பொலிஸ் சான்றுப் பொருளாக எடுத்து வைத்துக்கொண்ட கிண்ணங்களுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்களாம். சிவமலர் பிடிபட்டு ஏழு வாரம் கழித்துப் பொலிஸிலிருந்து லக்ஷ்மிப்ரியாவுக்குத் தகவல் வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒரு தாளில் கையெழுத்து வைத்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள், வழக்கு இல்லை, நீதிமன்றம் இல்லை. வருகிற திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

"வச்சால்?"

"நான் மோசடி பண்ணினேன்னு நீங்களே ஒத்துக்கிட்டதா அர்த்தம். ஸ்கூல் வேலைக்குச் சோதிக்கும்போது ஆறு வருஷம் தெரியும். செய்யாதவங்க இதுல கையெழுத்துப் போடவே கூடாது. இது என் கருத்து மட்டும் இல்ல, சட்டமும் அதான்."

"வைக்காட்டி?"

"வழக்குப் போடுவாங்க. அவர் வாக்குமூலம் குடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கார். நம்பர உங்களால கண்டுபிடிக்க முடியும்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. ஜெயிக்கலாம், தோக்கவும் செய்யலாம். மறைக்காம சொல்றேன்."

ஏழு வாரமாக நம்பிக்கொண்டிருந்தது அந்த இடத்தில் அறுந்தது. பிழையாக விளங்கிச் சொன்னது இல்லை, அந்த மனிதர் இருந்து எழுதிக் கையெழுத்தே வைத்திருக்கிறார்! சிவமலருக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அது நல்லதற்குத்தான் வந்தது.

செய்தி பரவியதும் போன் ஓயவில்லை. ஒரு கையெழுத்துத்தானே மலர், வைச்சுப்போட்டு வா. கோடு கச்சேரி, வழக்கு எண்டு அலைஞ்சால் எங்கட சனத்துக்கே மானம் போகும். பெரிய மனுசனோட மோதி என்ன காணப்போகிறாய்? சிவதர்ஷன்கூட, "அம்மா, ப்ளீஸ். ஜஸ்ட் சைன் பண்ணுங்கோ. வேலை போனால் போகட்டும், நான் உழைக்கிறன்தானே" என்றான்.

"நீ உழைக்கிறாய். நான் களவெடுத்தனானோ இல்லையோ, அதைச் சொல்லு."

"இல்லை எண்டு எனக்குத் தெரியும் அம்மா."

"உனக்குத் தெரிஞ்சதை நான் இல்லை எண்டு எழுதிக் குடுக்கவோ? போடா, போய்ச் சாப்பிடு."

சனிக்கிழமை பகல் அவள் விம்பிள்டனுக்குப் போய்க் கனகலிங்கம் வீட்டு மணியை அடித்தாள். கதவைத் திறந்தவள் மகள் தக்ஷிகா. இருபத்தெட்டு வயது, கணக்காளர். தகப்பனின் போனுக்கு வங்கியிலிருந்து வந்த 'இது நீங்கள் செய்த செலவா?' என்ற செய்திக்கு, 'இல்லை' என்று பதில் போட்டவளும் அவள்தான். "வை ஆர் யூ ஹியர், ஆன்ரி?" என்று முகத்தைச் சுருக்கினாள்.

"உன்ர அப்பாவோட கதைக்க வந்தனான். நீயும் நிண்டு கேள்."

கனகலிங்கம் முன்னறையில் இருந்தார். மனைவி தேநீர் போடப்போன மாதிரிக் குசினிக்குள் ஒதுங்கினார்.

"இரு மலர்" என்றார், அவள் கண்ணைப் பார்க்காமல். "நடந்தது நடந்துபோச்சு. ஒரு கையெழுத்தோட முடியிற விசயம். பள்ளிக்கூட வேலை போனால் என்ர கடையில வந்து நில். மணித்தியாலத்துக்கு அதைவிட ரெண்டு பவுண் கூடத் தாறன்."

சிவமலர் இருக்கவில்லை. "நீங்கள் எனக்கு வேலை தரவேண்டாம் அண்ணை. உண்மையைச் சொல்லுங்கோ, போதும். கார்டை என்ர கையில தந்தது நீங்களோ, இல்லையோ?"

"அப்பா குடுக்கேல்லை எண்டு சொல்லிட்டாரே" என்று தக்ஷிகா குறுக்கே வந்தாள். "போன வருசம் ஒரு ஸ்காம் போன் கோலில அப்பா ஏமாந்து நாலாயிரம் பவுண் குடுத்தவர். அதுக்குப் பிறகு யாருக்கும் பின் நம்பர் குடுக்கமாட்டன் எண்டு எனக்குப் பிராமிஸ் பண்ணினவர்."

அப்போதுதான் சிவமலருக்கு எல்லாம் வெளித்தது. மகள் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, கார்டு உங்களிட்டத்தானே?" என்று அதட்டியிருப்பாள். இவர் பிள்ளைக்குப் பயந்து ஓம் என்றிருப்பார். அந்த ஒரு ஓமைக் காப்பாற்ற வங்கிக்கு ஒரு பொய், பொலிஸுக்கு ஒரு பொய், கடைசியில் எழுதி ஒரு பொய். ஒரு கணம் பாவமாகவும் இருந்தது. ஆனால் அந்தப் பாவத்துக்குத் தன் பெயரையா கொடுக்க முடியும்?

"அண்ணை, கடைசியாக் கேக்கிறன். நீங்களாச் சொல்லுங்கோ. நான் சொல்ல வெளிக்கிட்டால் உங்களுக்குத்தான் நோகும்."

"சொல்லுறதுக்கு என்ன இருக்கு? உனக்கு நம்பர் பார்க்கிற கெட்டித்தனம் இருக்காம், நீயே பொலிஸுக்குச் சொன்னியாம்" என்றார் கனகலிங்கம்.

அவ்வளவுதான். சிவமலர் மகள் பக்கம் திரும்பினாள். "பிள்ளை, உன்ர அப்பாவின்ர நம்பர் பதினாலு, பூச்சியம் ஏழு. அது என்ன நாள், உனக்குத் தெரியுமோ?"

"நோ. அது சும்மா ஒரு நம்பர்."

"சும்மா இல்லை. எண்பத்தைஞ்சாம் ஆண்டு ஜூலை பதினாலு. உன்ர மாமி தன்ர தாலிக்கொடியை வித்து உன்ர அப்பாவை லண்டனுக்கு அனுப்பக் காசு கட்டின நாள். மாமாவுக்கும் தெரியாது, உன்ர அம்மாவுக்கும் தெரியாது. நம்பர் அடிக்கிற விரலைப் பாத்து நான் நம்பரைக் களவெடுக்கலாம். இந்தக் கதையை ஆரின்ர விரலைப் பாத்துக் களவெடுக்கிறது? கோயில் கார் பார்க்கில, கிண்ணம் வாங்கக் கார்டைத் தந்துபோட்டு, இந்த மனுசன் அழுதழுது சொன்னது. நான் பொய் எண்டால் இப்ப சொல்லச் சொல்லு!"

குசினி வாசலில் மனைவி வந்து நின்றார். தக்ஷிகா தகப்பனைப் பார்த்தாள். "அப்பா? இஸ் இற் ட்ரூ? மாமி தாலியை வித்தவவோ?" கனகலிங்கம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நான் திங்கட்கிழமை கையெழுத்து வைக்கமாட்டன்" என்றாள் சிவமலர். "வழக்குப் போடட்டும். நீங்கள் வந்து சாட்சிக் கூண்டில ஏறுங்கோ, நானும் வாறன். ஒண்டு தெரிஞ்சுகொள்ளுங்கோ அண்ணை. கார்டை மனமறிஞ்சு குடுத்துப்போட்டு, குடுக்கேல்லை எண்டு பாங்க்கிட்டைக் காசைத் திருப்பி வாங்கிறதும் மோசடிதான். அதே சட்டம், அதே பத்து வருசம். லோயர்ப் பிள்ளையிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் வந்தனான்." தேநீர் குடிக்காமல் வெளியே வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை அதிகாரி தாளை முன்னால் வைத்து, கீழே ஒரு இடத்தைப் பேனாவால் காட்டினார். சிவமலர் தாளைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள்.

"இதில் வைத்தால் இன்றோடு முடிந்துவிடும்" என்றார் அவர்.

"எனக்குத் தெரியும். நான் செய்யேல்லை. வழக்கைப் போடுங்கோ."

"உறுதியாகவா?"

"பதினெட்டு வருசமா மற்றவையின்ர காசைக் கையில வைச்சிருந்தனான். ஒரு பென்ஸ் எடுத்ததில்லை. எடுத்தனான் எண்டு எழுத என்ர கை வராது. உங்கட பேனையை நீங்களே வைச்சிருங்கோ." கோபத்தில் தமிழில் வந்துவிட்ட அதை லக்ஷ்மிப்ரியா அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள், பேனா உட்பட.

வழக்கு வரவில்லை. வியாழக்கிழமை தக்ஷிகா தகப்பனைக் காரில் ஏற்றிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். யாரும் சொல்லி அல்ல, அந்தப் பிள்ளையாகத்தான் கூட்டிப்போனாள் என்று பிறகு தெரிந்தது. கனகலிங்கம் தன் வாக்குமூலத்தைத் திருப்பி வாங்கினார், வங்கிக்குக் காசைக் கட்டினார். சிவமலர்மீது மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்று கடிதம் வந்தது. அதை அவள் நான்கு பிரதி எடுத்தாள். ஒன்று தலைமை ஆசிரியைக்கு. மற்ற மூன்றும் எதற்கு என்று மகன் கேட்டான். "ஆராவது கேட்டால் மூஞ்சியில காட்ட" என்றாள்.

அடுத்த வாரம் அதே அதிகாரியிடமிருந்து போன். கனகலிங்கத்தின்மீது இப்போது விசாரணை, காருக்குள் நடந்ததை அவள் வாக்குமூலமாகக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கட்டாயம் இல்லை என்றும் சொன்னார்.

அவ்வளவுதான், மறுபடி போன் ஓயவில்லை. அதே குரல்கள்! வயது போன மனுசன், விட்டுவிடு மலர். கோயிலுக்கு உழைச்ச மனுசன். நீதான் தப்பியிட்டாயே, இனி என்ன? கடைசியாகக் கனகலிங்கத்தின் மனைவி பள்ளிக்கூட வாசலிலேயே வந்து நின்றார்.

"மலர், உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். அந்தத் தாளில கையெழுத்து வையாதை."

சிவமலருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. "ஏன் அக்கா, போன மாசம் என்னை வை வை எண்டு சொன்ன வாய் எல்லாம் இந்த மாசம் வையாதை வையாதை எண்டு சொல்லுது? என்ர கை உங்கட வீட்டுக் கையே? பொய்க்கு வைக்கச் சொன்னியள், வைக்கேல்லை. உண்மைக்கு வையாதை எண்டிறியள், வைக்கத்தான் போறன்."

"அவரை ஜெயிலில போட்டால்?"

"போடமாட்டினம். லோயர்ப் பிள்ளையிட்டை அதையும் கேட்டனான். காசு கட்டியாச்சு, தானாப் போய்ச் சொல்லியாச்சு, முதல் தரம். ஆனால் அவருக்கு என்ன வரவேணுமோ அது வரட்டும். எனக்கு வர இருந்ததை நான் தடுக்கக் கேக்கேக்கை நீங்கள் குசினிக்குள்ளை நிண்டனீங்கள் அக்கா." அந்த அம்மா அழத் தொடங்கினார். சிவமலர் தன் கைப்பையிலிருந்து கண் துடைக்க ரிஷ்யூத் தாள் எடுத்துக் கொடுத்தாள், ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

வாக்குமூலத்தை அதிகாரி தட்டச்சுச் செய்து நீட்டினார். மேலே ஒரு வரி: இதில் தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் வழக்குக்கு உள்ளாவேன். அந்த வரியை அவள் இரண்டு தரம் வாசித்தாள். பிறகு ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தாள். லக்ஷ்மிப்ரியா கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினாள். ஒரு இடத்தில் சிவமலரின் விரல் நின்றது.

"இதில என்ன எழுதியிருக்கு? 'அவர் எண்ணைச் சொன்னார்' எண்டு மட்டும் இருக்கு."

"அதுதானே நடந்தது?" என்றார் அதிகாரி.

"அழுதுகொண்டு சொன்னவர். அதையும் எழுதுங்கோ. தமக்கையை நினைச்சு அழுதவர். கார்டை என்னை நம்பித் தந்தவர், அந்த நேரம் அவர் மனசில ஒரு கள்ளமும் இல்லை. பொய் பிறகுதான் வந்தது. ரெண்டையும் எழுதாட்டி நான் வைக்கமாட்டன்."

"அது அவருக்குச் சாதகமாகப் போகும்."

"போகட்டும். உண்மைதானே."

அதிகாரி கணினிப் பக்கம் திரும்பித் தட்டினார். புதுத் தாள் வந்தது. அவள் முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. பேனாவை வாங்கி, ஒன்றையும் சுருக்காமல், தன் முழுப் பெயரையும் தமிழில் எழுதிக் கையெழுத்து வைத்தாள்.